ஏழாம் நிபந்தனை

கொம்பனித்தெருவில், மூன்றாம் மாடியில்,
பேரை வாவியின் பச்சை நாற்றம் ஏறிவரும் யன்னலோரம்
என் மேசை.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் அனுப்புவது வேலை.
இந்த வாரம் வந்திருப்பது
பயிரழிக்கும் விலங்குகள் மீது
பெரிய றைபிள் பாவிப்போருக்கான
அனுமதிப்பத்திர நிபந்தனைகள், பன்னிரண்டு.

முதல் சொல்லிலேயே முட்டிக்கொண்டேன்.
துப்பாக்கி என்று எழுதினால் அரசாங்கம் பேசும்.
துவக்கு என்று எழுதினால் ஊர் பேசும்.
ஆனால் துவக்கு என்றால் தொடங்கு என்றும் ஆகுமே,
அப்படியொரு கட்டளையை
அரச இலச்சினைக்குக் கீழே வைக்கலாமா?
துப்பாக்கி என்றே விட்டேன்.

அடுத்தது பீடை.
பூச்சிக்குச் சொல்லலாம், புழுவுக்குச் சொல்லலாம்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை
அம்மா என் சின்னம்மாவின் புருஷனுக்கென்று வைத்திருந்தா.
அட்டவணையில் காட்டுப்பன்றி உண்டு.
குரங்குக்கு நேரே ஒரு கேள்விக்குறி.
மயிலை யாரோ பென்சிலால் எழுத
வேறு யாரோ அழித்திருந்தார்கள்,
கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்த கையாய் இருக்கும்.

யன்னலுக்கு வெளியே கம்பியில் காகங்கள்.
நேற்று என் சோற்றுப் பார்சலில் பாதியைத் தின்றவை.
அவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒவ்வொரு ரவைக்கும் கணக்கு.
பூட்டிய இரும்பு அலுமாரி, சாவி வேறிடத்தில்.
பெயர் குறித்த காணிக்குள் மட்டும்.
பன்றி எல்லைக் கல்லை வாசிக்குமா என்று இரங்கனி கேட்டாள்.
சிரித்துவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தோம்.

புதன்கிழமை அவர் வந்தார்.
தவக்குமார், நெடுங்கேணி.
இரவு பஸ்ஸில் கசங்கிய சேட்.
பொலித்தீன் பைக்குள்
கிராம அலுவலர் கடிதம், காணி உறுதி,
ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை
ஒரே இரவில் உழப்பட்டதன் நான்கு படங்கள்.
கவுண்டரில் தமிழ் தெரிந்தவர் லீவு.
என்னைக் கூப்பிட்டார்கள்.

“சொட்கன் காணாது பிள்ளை. கொழுப்பிலை நிண்டிடும்.
காயத்தோட பண்டி திரும்பி வரும்.
ஒரே வெடியிலை விழுத்திறதுதான்
அதுக்கும் நல்லது.”
இரண்டாம் நிபந்தனையும் இதையேதான் சொல்கிறது,
இவ்வளவு இரக்கமாய் அல்ல.

படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தோம்.
ஒன்பதாம் கட்டம்:
இவ்வகை ஆயுதத்தில் முன் அனுபவம் உண்டா?
ஆம் எனில் எங்கே, எவ்வளவு காலம்?

பேனையை வைத்துவிட்டார்.
மின்விசிறி இந்தப் பக்கம் வந்து
அந்தப் பக்கம் போனது.
“இல்லை எண்டு எழுதினாலும் தரமாட்டினம்.
ஓம் எண்டு எழுதினா
பிறகு வீட்டை வருவினம்.”

நான் ஒன்றும் கேட்கவில்லை.
சும்மா இருக்க முடியாமல்
ஏழாம் நிபந்தனையை வாசித்தேன், என் தமிழில்:
பெரிய ரவை விலங்கைத் துளைத்து அப்பாலும் போகும்.
ஆகவே குறிக்குப் பின்னால்
அதைத் தாங்கும் மண்மேடு இருத்தல் வேண்டும்.
பின்னால் யார், என்ன என்று அறியாமல் சுடலாகாது.

திருப்பி வாசிக்கச் சொன்னார்.
வாசித்தேன்.
“இதை ஆர் எழுதினது?”
தெரியாது.
“மண்மேடு எண்டு போடாதேங்கோ. மண்ணணை.
எங்கட ஆக்களுக்கு உடனை விளங்கும்.”
பிறகு, என்னை அல்ல, யன்னலைப் பார்த்து:
“பண்டிக்கு எண்டாலும்
எழுதி வைச்சிருக்கினம்.”

ஒன்பதாம் கட்டம் வெறுமையாய் இருக்க
படிவத்தை நான்காய் மடித்தார்.
மூன்றரைக்கு வவுனியா பஸ்.
படமொன்றைக் கவுண்டரிலேயே விட்டுப் போயிருந்தார்,
கிளறிய மண், நடுவில் அவருடைய நிழல்.

மேட்டை வெட்டி அணை என்று போட்டேன்.
இரண்டும் ஒன்றுதானே என்றாள் இரங்கனி.
ஓம் என்றேன்.

கம்பியில் ஒரு காகம் என் பார்சலையே பார்த்திருந்தது.
அதற்குப் பின்னால்
எதிர்க் கட்டடத்தின் நாலாம் மாடி,
கொடியில் மூன்று சேட்,
ஒரு குழந்தையின் நீலத் தொப்பி,
அதை எடுக்க நீளும் ஒரு கை.